கைச்சூடு

ஜெபமலர் கேட்டு அனுப்பியது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் சேக் மைதீன். குற்றாலத்தில் எண்ணெய் விற்கிறவர். குத்துக்கல்வலசைச் செக்கில் அவர் எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பெண் சைக்கிளை மறித்து நின்றிருக்கிறாள். அவள் புருஷன் ஞானதுரை பட்டாளத்தில், பனிமலையில் செத்துப்போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. கடைசியாக அவனைத் தொட்டது அவனோடு பட்டாளத்தில் இருந்த குத்தாலிங்கம்தான் என்று அங்கே இருந்த யாரோ அவளுக்கு எழுதிவிட்டார்கள். அப்படித் தொட்டபோது உடம்பில் சூடு இருந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாளாம்.

குத்தாலிங்கம் அப்போது பேரருவிக்குப் போகிற வழியில், கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு காரைக்குடிக்காரரின் முதுகில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். காதில் விழாதவன்போல் தேய்த்துக்கொண்டே இருந்தான். அது அறுபத்திரண்டாம் வருஷத்து ஆனிமாதச் சாரல். அவன் போய்ப் பதில் சொல்ல ஐப்பசி ஆயிற்று. கல்நெஞ்சன் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்குப் பதில் தெரியாது, அவ்வளவுதான்.

தெரிந்திருக்க வேண்டியவன்தான். எண்ணெய் தேய்ப்பது அவனுக்கு அப்பா வழி வந்த தொழில். சாரல் விழுந்துவிட்டால் மதுரை, விருதுநகர், காரைக்குடி என்று எங்கிருந்தெல்லாமோ பெரிய மனிதர்கள் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்துவிட்டால் ஜட்ஜும் ஒன்றுதான், ஜவுளிக்கடைக்காரரும் ஒன்றுதான், எல்லாம் முதுகு. முதுகில் கை வைத்த மாத்திரத்தில் எங்கே பிடித்திருக்கிறது, எங்கே வாயு கட்டியிருக்கிறது என்று குத்தாலிங்கத்துக்குத் தெரிந்துவிடும். காய்ச்சல் வரப்போகிறவனைத் தொட்டதுமே, இன்றைக்கு அருவியில் நிற்காதீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மற்றவனெல்லாம் கண்ணால் பார்க்கிறான், நான் விரலால் பார்க்கிறேன் என்று பீற்றிக்கொள்வான்.

ஆனால் சாரல் மூன்று மாதம்தான். மிச்ச ஒன்பது மாதம் முதுகுகள் எல்லாம் ஊரைப் பார்க்கப் போய்விடும். அந்தக் காலங்களில் குளத்துக்குத் தூண்டில் போட வருகிற ஞானதுரையோடு சேர்ந்து கரையில் பொழுதைக் கழிப்பான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், போவோமா என்று ஞானதுரைதான் கேட்டான். இருவரும் திருநெல்வேலிக்குப் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். ஞானதுரையை ரோடு போடுகிற பிரிவில் எடுத்தார்கள். உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டதற்குக் குத்தாலிங்கம் எண்ணெய் தேய்ப்பேன் என்றான். பட்டாளத்தில் அப்படி ஒரு உத்தியோகம் கிடையாது. எண்ணெய்ச்சட்டி இருக்கிற இடத்துக்கு, சமையலுக்கு, அனுப்பிவைத்தார்கள்.

நாலு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் லடாக்கில் ஒரு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏரி என்றால் நம் பக்கத்துக் குளத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாது. பாதி நமக்கு, பாதி சீனாவுக்கு. மார்கழியில் அது முழுக்க உறைந்து, லாரி ஓடினாலும் தாங்குகிற அளவுக்குக் கட்டியாகிவிடும். எல்லை எங்கே என்று ஏரிக்கே தெரியாது. தார் டிரம் ஒன்றுக்குச் சிவப்பு அடித்துப் பனிமேல் நிறுத்தி, இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று அதிகாரி சொல்லிவைத்திருந்தார்.

அந்தப் பனியைக் கடப்பாரையால் குத்தித் துளை போட்டால் கீழே தண்ணீர் இருக்கும். தண்ணீரில் மீன் இருக்கும். துளை மறுபடி மறுபடி மூடிக்கொண்டே வரும். குத்தாலிங்கம் சமையல்கட்டிலிருந்து கண்கரண்டியை எடுத்துப்போய், பூரியை அள்ளுகிறமாதிரி ஐஸை அள்ளி வெளியே போடுவான். சப்பாத்தி மாவை உருட்டித் தூண்டிலில் குத்திவிட்டு, டிரம்முக்கு இந்தப் பக்கம் குந்தியிருப்பான். டப்பாவில் அடைத்த கறியையே தின்று நாக்குச் செத்துப்போன ஆட்களுக்கு அந்த மீன் அமிர்தம். ஞானதுரைக்கு மட்டும் தட்டில் விழுந்ததும் ஒரு கேள்வி உண்டு. இது எந்தத் தேசத்து மீனுலே என்பான். தினமும் அதே கேள்வி, தினமும் அதே சிரிப்பு.

தை மாதம் ஞானதுரை இருமிக்கொண்டு படுத்தான். காய்ச்சல் இறங்கவில்லை. பனி விழுந்து ரோடு அடைபட்டுவிட்டதால் அவனைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. கஞ்சியைத் தள்ளிவிட்டான். மீன் இருந்தால் கொஞ்சம் சாப்பிடுவேன் என்றான். அவ்வளவு போதும் குத்தாலிங்கத்துக்கு. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்றைக்கென்று மீன் கடிக்கவில்லை. அந்தக் குளிரில் மீன் வெடுக்கென்று இழுக்காது. வாயால் சும்மா தொட்டுவிட்டுப் போகும். கனத்த கையுறை வழியாக அது தெரியாது. மற்றவனாக இருந்தால் இன்றைக்கு மீன் இல்லை என்று திரும்பியிருப்பான். இவன்தான் விரலால் பார்க்கிறவன் ஆயிற்றே. இரண்டு கையுறையையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் விரலில் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் எரிந்தது. அப்புறம் வலித்தது. அப்புறம் வலி நின்றுவிட்டது. வலி நின்றதும் கை பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான், மடையன். இரண்டு மீன் கிடைத்தது. இரண்டாவது மாட்டியதைக் கையால் அறியவில்லை, நூல் ஆடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் இழுத்தான்.

கூடாரத்துக்குள் ஞானதுரை கண்ணை மூடிக் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்தான் குத்தாலிங்கம். கடுகெண்ணெயை அடுப்பில் காட்டிவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்க்க ஆரம்பித்தான். தேய்த்துக்கொண்டே பேசினான். மீன் கிடைத்த கதையைச் சொன்னான். எந்தத் தேசத்து மீன் என்று ஏன் கேட்கவில்லை என்று கேலி செய்தான். கால், கெண்டைச்சதை, மறுபடி கால் என்று விடாமல் தேய்த்தான். வைத்திய உதவியாளன் உள்ளே வந்து ஞானதுரையின் கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு குத்தாலிங்கத்தின் கைகளைப் பிடித்து அப்பால் தள்ளினான். நீ வந்தபோது உடம்பு சூடாக இருந்ததா என்று இந்தியில் கேட்டான். குத்தாலிங்கம் தன் கைகளைப் பார்த்தான். மெழுகில் செய்ததுபோல் வெளுத்திருந்தன.

விரல்களை ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள், இரண்டு சுண்டுவிரல் நுனிகளைத் தவிர. உணர்ச்சியைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வருஷத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார். வந்த அன்றைக்கே பேரருவிக்குப் போய்க் கைகளை நீட்டினான். தண்ணீர் கைகளைக் கீழே தள்ளியது. அது முழங்கையில் தெரிந்தது. விரல்கள் நனைந்ததை மட்டும் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

தொழிலை விடவில்லை. வேறு என்ன தெரியும்? தோல் சிவக்கிறதைப் பார்த்து எங்கே அழுத்துகிறோம் என்று கணக்குப் போட்டான். ஆளின் முகம் சுளித்தால் விட்டுக்கொடுத்தான். வந்தவர்கள் அதே பழைய கை என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அந்த மெச்சலைக் கேட்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் அவன் மனைவி உலகம்மை கொதிக்கிற பாத்திரம் எதையும் அவன் எட்டுகிற இடத்தில் வைக்கமாட்டாள். ஒரு தடவை சோற்றுப்பானையை அப்படியே தூக்கி இறக்கிவிட்டு, உள்ளங்கை கொப்பளித்தது தெரியாமல் வெற்றிலை போட உட்கார்ந்திருந்தான்.

மனசும் அப்படித்தான் இருந்தது. ஞானதுரைக்காக அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தான்; வரவில்லை. குத்துக்கல்வலசை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினான்.

ஐப்பசியில் சீனாவோடு சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். எல்லையைக் கண்ணால் பார்த்தவன் என்று குத்தாலிங்கத்தைப் பிடித்துவைத்துக் கேட்டார்கள். அங்கே ஒரு சிவப்பு டிரம் இருக்கும் என்றான். அதற்குமேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. சண்டைக்கு முன்னாலேயே, யாரும் சுடாமலே செத்துப்போன ஞானதுரையைப் பற்றி எந்த ரேடியோவும் சொல்லவில்லை. ஜெபமலர் மறுபடியும் சேக் மைதீனை மறித்தாள். இந்தத் தடவை அவர் குத்தாலிங்கத்தைச் சும்மா விடவில்லை.

"சூடு இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயம்லே. ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது? அந்தப் புள்ள நிம்மதியா ஒறங்கட்டும்" என்றார்.

அதுவும் சரிதான் என்று பட்டது. மழை விட்டு வெறித்த ஒரு மத்தியானம் குத்துக்கல்வலசைக்கு நடந்தே போனான். வழிநெடுக அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனான்.

ஜெபமலர் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் வாங்க அண்ணாச்சி என்று சுளகை ஒதுக்கிவிட்டு எழுந்தாள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் கருப்பட்டிக் காப்பி போட்டாள். பித்தளைத் தம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். ஆறட்டும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் எடுத்துவிட்டான். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தான்.

"சூடு இருந்துச்சு தங்கச்சி. காலு ரெண்டும் கதகதன்னு இருந்துச்சு. நான் பேசினதெல்லாம் அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

சொல்லி முடித்தபோது அவனுக்கே அது உண்மைபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தான். ஜெபமலர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரைச் சுற்றியிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியில் ஆவி பறந்தது. விரல்கள் சிவந்துகொண்டே வந்தன. அவன் அசையவில்லை.

அவள் முந்தானையால் தம்ளரைப் பிடித்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"இந்தக் கையாலயா அண்ணாச்சி தொட்டுப் பாத்திய?" என்றாள்.

குத்தாலிங்கம் எல்லாவற்றையும் சொன்னான். கையுறையைக் கழற்றியதை, இரண்டு மீனை, கடுகெண்ணெயை, உதவியாளன் கேட்டதை. சூடு இருந்ததா என்று தெரியாது என்றான். எப்போது போனான் என்று தெரியாது என்றான். பொய் சொல்லத்தான் வந்தேன் என்பதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே பானையிலிருந்து தண்ணீர் மொண்டு அவன் விரல்களில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

தேய்க்கும்போது அவரிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டாள்.

"மீனப் பத்தித்தான். இது நம்ம பக்கத்து மீனுதாம்லே, எந்திரிச்சுத் தின்னு பாருன்னேன். திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னேன்."

அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அவிய அப்பிடித்தான் கேப்பாவ. இங்கன கொளத்து மீனு வாங்கிட்டு வந்தாலும் எந்த மடையில பிடிச்சதுன்னு கேப்பாவ" என்றாள். அதோடு அழுதாள். சத்தம் இல்லாமல், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் அழுதாள். குத்தாலிங்கத்துக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஒன்றும் செய்யத் தோன்றாமல் கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

பிறகு அவள் உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்று யோசிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் வைத்து, கொப்பளம் எழும்புகிற இடங்களை விட்டுவிட்டு ஒவ்வொரு விரலாக எண்ணெய் தடவினாள். இத்தனை வருஷத்தில் குத்தாலிங்கத்துக்கு யாரும் எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை. அவள் விரல்கள் போகிற இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

தடவி முடித்த பிறகும் அவள் கையை விடவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

"கையில நல்ல சூடு இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. நம்பினான்.