தபித்தாள் துடைத்த மேஜை

"ஏதேன் தோட்டத்துல அன்னிக்கு நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா, ஆதாம் வாயில ஒட்டுன கறையை சோடா உப்புப் போட்டுத் தொடச்சு அனுப்பியிருப்பேனுங்க. ஆண்டவருக்கே தெரிஞ்சிருக்காது. என் கைக்குப் போகாத கறையும் இல்லை, போகாத வாடையும் இல்லை!"

எழுபதுகளின் கடைசியில், நீலகிரியில் கொலக்கம்பைப் பக்கத்துச் சிறிய கிறிஸ்தவக் கோயில் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து டீயும் வர்க்கியும் வந்துகொண்டிருந்தபோது தபித்தாள் விடுத்த அறிக்கை இது. மனுக்குலத்தின் வீழ்ச்சியைச் சலவைக் கணக்கில் சேர்த்துவிட்ட இந்த இறையியலைக் கேட்டு போதகரின் மனைவியான ஐயரம்மா வர்க்கியைக் கடிக்க மறந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியாட்ரிஸ் மறக்கவில்லை. கடித்து, மென்று, விழுங்கிவிட்டுத்தான் கேட்டாள்.

"அப்ப பாவத்தையும் ஊற வெச்சுக் கசக்கிருவீங்களாக்கா?"

"கொண்டுட்டு வா, பாக்கலாம்."

இதை வெறும் வாய்ச்சவடால் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. தபித்தாளிடம் சான்றுகள் இருந்தன. கெட்டிலின் அடியில் படியும் உப்புப் பாறையை எலுமிச்சைத் தோலைக் கொதிக்க வைத்தே உதிர்த்திருக்கிறாள். மழைக்காலத்தில் ஷூவின்மேல் பூக்கும் வெள்ளைப் பூஞ்சணத்தை வினிகர் தொட்ட துணியால் ஒழித்திருக்கிறாள். வடிகட்டி மிஞ்சிய டீத்தூள் சண்டில் கண்ணாடி துடைத்து, பார்த்தவர்கள் தங்கள் முகத்துக்காக வருந்தும்படி செய்திருக்கிறாள். இவை எதற்கும் மசியாத பசை, தார், பிசுக்கு வகையறாக்களுக்கு அவளிடம் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது: நீலகிரித் தைலம். மலையில் தைலம் மருந்தல்ல, ஒருவிதமான பருவநிலை. நெஞ்சிலும் மூக்கிலும் தலையணையிலும் அதுவே இருப்பதால், அதை ஒரு வாடை என்று அங்கே யாரும் கணக்கில் வைப்பதில்லை.

தபித்தாளின் கணவர் தனசிங், சுப்பண்ணனின் தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். இலை வாடுவதிலிருந்து தூள் பெட்டிக்குள் போவது வரை அவர் பொறுப்பு. ஏலத்துக்குத் தூளை அனுப்பும் தரகுக் கம்பெனி அதைப் புகை வாடை என்று ஏற்கெனவே ஒருமுறை ஒதுக்கியிருந்தது. இந்த முறை டீயை ருசி பார்த்துத் தரம் சொல்லும் கம்பெனியின் டேஸ்டரே நேரில் வருவதாகச் சேதி. சுப்பண்ணன் தனசிங்கைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போடாததுதான் பயம்.

"இந்தத் தடவையும் வாடைன்னு சொன்னா, வேற டீ மேக்கரப் பாத்துக்கறேன். ஃபேக்டரி ஊட்டையும் காலி பண்ணிக் குடுத்துருங்க."

தனசிங் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. இலையை உலர்த்தும் டிரையர் பக்கமே நின்றார். தபித்தாளுக்குப் பொறுக்குமா? டேஸ்டர் வரும் நாள் காலையில், யாரும் கேட்காமலே, ருசி பார்க்கும் அறைக்குள் வாளியோடு நுழைந்தாள். வெள்ளைக் கோப்பைகளின் பழுப்பை சோடா உப்பில் எடுத்தாள். அவை முத்துப் போலாயின. நீள மேஜையில்தான் ஒரு தொல்லை: மாதிரி டப்பாக்களின் லேபிள் பசை, வருஷக்கணக்கில் கறுத்து, அம்மைத் தழும்பாகக் கிடந்தது. தபித்தாள் தைலப் பாட்டிலைத் திறந்தாள். பசை ஓடியே போயிற்று. அந்தப் பளபளப்பின் மேல்தான் தனசிங் கொண்டுவந்து, தட்டுத் தட்டாகத் தூளைத் திறந்து வைத்தார்.

டேஸ்டர் வந்தார். உதட்டோரம் கூடச் சிரிக்காத மனிதர். ஒரு கரண்டி டீயை விசில் போல உறிஞ்சினார், தொட்டியில் துப்பினார். அடுத்த கோப்பை. துப்பினார். மூன்றாவதை உறிஞ்சாமலே கீழே வைத்தார்.

"என்னங்க இது, மருந்து வாடை?"

சுப்பண்ணன் தனசிங்கைப் பார்த்தார். தனசிங் டீத்தூளைப் பார்த்தார். தூள் யாரையும் பார்க்கவில்லை.

"டிரையரு சுத்தமா இருந்துச்சுங்க… நானே பாத்தனுங்க…" என்றார் தனசிங்.

"போன தடவை புகை. இப்ப மருந்து. அடுத்து என்ன, மண்ணெண்ணெயா?" என்றார் சுப்பண்ணன். இப்போதும் சத்தம் இல்லை.

வெந்நீர்க் கெட்டிலோடு வாசலில் நின்ற தபித்தாளுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. திறந்து கிடக்கும் டீத்தூள், பக்கத்தில் எது மணந்தாலும் குடித்துவிடும். டீ மேக்கர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? தெரியும். தைலம் மணக்கும் என்பதுதான் மறந்திருந்தது. கெட்டிலை வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். எலுமிச்சைத் தோல். சாம்பல். சோடா உப்பு. கையைக் கழுவிக் கழுவி முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. தன் மூக்கை நம்பலாமா என்ற சந்தேகம் அவள் வாழ்நாளில் முதன்முறையாக அப்போது வந்தது.

உள்ளே டேஸ்டர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

சலிக்கும் அறையில் தூள் பிரித்துக்கொண்டிருந்தவள், வேறு யாரு, பியாட்ரிஸ். தபித்தாள் அவள்முன் போய் நின்றாள்.

"பியாட்ரிஸு, பெட்டியில இருந்து கொஞ்சம் தூள் எடுத்து, கேன்டீன் கப்புல டீ ஊத்தி வெளி முத்தத்துக்குக் கொண்டாறயா?"

"ஏனுங்கக்கா, உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

"நான் தொடக் கூடாது. சீக்கிரம் போ, சாமி."

பியாட்ரிஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திறக்க ஓடினாள்.

ஜீப்பில் ஏறப்போன டேஸ்டரை முற்றத்தில் மறித்தாயிற்று. பனிக்காற்றில் ஆவி பறக்க பியாட்ரிஸ் கோப்பையை நீட்ட, அவர் வேண்டாவெறுப்பாக உறிஞ்சினார். துப்ப இடம் தேடினார். பிறகு துப்பவில்லை.

"நல்லாத்தானே இருக்குது. இது எந்த ஃபேக்டரி?"

"இதே தூள்தானுங்க," என்றாள் தபித்தாள். "பெட்டியில இருக்கறது."

"அப்ப உள்ள வெச்சிருந்தது?"

சுப்பண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். தனசிங் பார்த்துக்கொண்டிருந்தார். மாதர் சங்கமே பியாட்ரிஸின் இரண்டு கண்களில் ஏறி வந்து பார்த்துக்கொண்டிருந்தது. தபித்தாள் சிவந்து ஊறிப்போயிருந்த வலது கையை டேஸ்டரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் குனிந்து முகர்ந்து, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"டீ மேக்கர் மேல தப்பில்லீங்க," என்றார் சுப்பண்ணனிடம். "பெட்டியில இருந்தே வேற சாம்பிள் எடுத்துக் குடுங்க, கொண்டு போறேன்."

தபித்தாள் கையைச் சேலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் போட்டுத் தேச்சுப் பாத்துட்டனுங்க," என்றாள் மெதுவாக. "போக மாட்டேங்குது."