பொன்னுசாமி பார்க்காத இரண்டு செட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பொன்னுசாமியின் மகள் மல்லிகா அழைத்தாள். "அப்பா போயிட்டாருங்க மாமா" என்றாள். சொல்லியிருக்க வேண்டிய ஆறுதல்கள் எத்தனையோ உண்டு. என் வாயில் வந்தது, "அரையிறுதி இன்னும் முடியலையேம்மா" என்பதுதான். அந்த வாக்கியத்துக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். அதைவிடச் சரியான ஒன்று எனக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோழிப்பண்ணை பொன்னுசாமியை நாமக்கல்லில் உங்களில் பலருக்குத் தெரியும். தீவனமோ முட்டையோ லாரியோ, எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் அதன் நடுவில் வந்து உரக்க நிற்பவர். அவருக்கு டென்னிஸ் பைத்தியம் உண்டு என்பது சிலருக்கே தெரியும். அந்தப் பைத்தியத்தால் பத்தொன்பது ஆண்டுகள் அவதிப்பட்டவன் நான் ஒருவன்தான்.

கடைவீதியில் ஒரு தொலைக்காட்சிக் கடையில்தான் அவரை முதலில் பார்த்தேன். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றிருந்த நேரம். கடையில் ஓடிக்கொண்டிருந்த பாரிஸ் செம்மண் டென்னிஸ் போட்டியைப் பார்த்தபடி நின்றேன். மின்விசிறி வாங்க வந்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இவன் பந்துக்குப் பந்து துண்டு கேக்கறான்? எங்க ஊட்ல ஒருத்தன் இத்தனை துண்டு கேட்டா, துவைக்கறவ அவனையே கல்லுல அடிச்சுப் போடுவா."

புள்ளிகள் பதினைந்து, முப்பது, நாற்பது என்று ஏறும் என்று விளக்கினேன். "முப்பதுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சுதானுங்களே வரோணும்? அந்த அஞ்சு எங்க போச்சு?" என்றார். புள்ளியியல் படித்த நான் திரையைக் காட்டிப் பேச்சை மாற்றினேன். ஆட்டம் முடியும் வரை இருந்துவிட்டு, மின்விசிறியை மறந்து போய்விட்டார்.

அதன்பின் ஒவ்வொரு பெரிய போட்டியையும் அவருடைய பண்ணை அறையில்தான் பார்த்தோம். பார்த்தோம் என்பதில் ஒரு சிக்கல் உண்டு. விடியற்காலை நாலு மணிக்குக் கோழிகளுக்குத் தீவனம் வைக்க வேண்டும் என்பதால் அவர் இரவு எட்டுக்கே படுத்துவிடுவார். ஆட்டத்தைப் பதிவு செய்து, மறுநாள் காலை வேலை முடிந்த பிறகு பார்ப்பார். அதுவரை முடிவு அவர் காதில் விழக்கூடாது. நானோ அன்றன்றைக்கே பார்த்து, நூற்றிருபத்தெட்டு ஆட்டக்காரர்களின் அட்டவணையில் வென்றவர் பெயரை ஏற்றாவிட்டால் தூங்க முடியாதவன். ஆக, அவருக்கு முடிவைச் சொல்லிவிடக்கூடிய ஆபத்தான மனிதன் அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அந்த என்னைத்தான் அவர் தினமும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்!

"முடிவு தெரிஞ்சு பாக்கறது, அடைமுட்டைய ஒடச்சுப் பாக்கற மாதிரிங்க. உள்ள இருந்தது தெரியும். குஞ்சு வராது" என்பார்.

எனக்குப் பொய் வராது. வாயை மூடிக்கொண்டாலும் முகம் சொல்லிவிடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. "மூணாவது செட்டுல தண்ணி குடிச்சீங்க. இவன் தோக்கப்போறான்" என்பார். அப்படியே நடக்கும். பின்னால் போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இருமல் காட்டிக்கொடுக்கிறது என்றார். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டார். அங்கேயும் உட்கார்ந்தேன். எந்தப் படித்த மனிதன் உட்காருவான்?

ஒரு வருடம் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். எப்போது தண்ணீர் குடிப்பது, எப்போது இருமுவது என்பதைச் எந்த ஒழுங்கும் இல்லாத சமவாய்ப்பு எண்களின் அட்டவணையிலிருந்து எடுத்து, ஒரு தாளில் நிமிடவாரியாக எழுதிக்கொண்டு போனேன். ஆட்டத்துக்கும் இருமலுக்கும் தொடர்பே இல்லாமல் செய்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. இரண்டாவது செட்டில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"வாத்தியாரே, மணியப் பாத்துப் பாத்து எதுக்குங்க இருமறீங்க? டாக்டரு சொல்லியிருக்காருங்களா?"

தாளை வாங்கிப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், வெளியே முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அதைப் படித்துக் காட்டினார்.

அவருக்குப் பிடித்த ஆட்டக்காரரை 'நெட்டையன்' என்று மட்டுமே சொல்வார். உண்மைப் பெயரை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. அதனால் நானும் இங்கே நெட்டையன் என்றே எழுதுகிறேன். நன்றாக ஆடுவார். முக்கியமான நேரத்தில் கைவிட்டுவிடுவார். பாரிஸில் ஒருமுறைகூடக் காலிறுதியைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு கோடையிலும் பொன்னுசாமி, "இந்த வருசம் பாருங்க" என்பார். தோற்பதற்கான வாய்ப்பை நான் சதவீதத்தில் சொல்வேன். "உங்க கணக்கு அவனுக்குத் தெரியாதுங்களே" என்பார்.

இந்த ஆண்டு நெட்டையன் அரையிறுதிக்கு வந்துவிட்டார். அதே வாரம் பொன்னுசாமி இதயம் பலவீனமாகிச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் படுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நான் ஆட்டத்தைப் பார்த்தேன். ஐந்தாவது செட்டில் நெட்டையன் தோற்றார். சனிக்கிழமை காலை மல்லிகா பேசினாள்.

"மாமா, செல்போன்ல பாத்தே தீருவேங்கறாரு. பதட்டமே ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. என்ன ஆச்சுன்னு நீங்களே முன்னாடி சொல்லிருங்க. தெரிஞ்சா பாக்க மாட்டாரு."

எனக்குச் சம்மதம் இல்லை. மறுக்கவும் தைரியம் இல்லை. பேருந்தில் சேலம் போய்ச் சேரும் வரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கட்டிலருகே நின்று, "நெட்டையன் தோத்துட்டாருங்க. அஞ்சாவது செட்" என்றேன். பத்தொன்பது ஆண்டுகளில் அவருக்கு நான் சொன்ன முதல் முடிவு அது.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"மல்லிகா சொல்லச் சொன்னாளுங்களா?"

"ஆமாங்க."

"அப்படின்னா ஜெயிச்சுப்புட்டான்" என்றார். "நான் பரபரப்பா பாக்கக்கூடாதுன்னு தோத்துட்டான்னு சொல்ல வெச்சிருக்கறா. வாத்தியாரே, உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க. வேர்த்து ஊத்துது பாருங்க. நீ போனக் குடு சாமி" என்று மகளிடம் கை நீட்டினார்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் என் முகத்தில் உண்மையைப் படித்துப் பிடித்தவர், நான் உண்மையைச் சொன்ன அன்றைக்குப் பொய்யைப் படித்தார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது?

மறுபடியும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். "இல்லைங்க, நெசமாவே..." என்று தொடங்கவும் செய்தேன். போன் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் மீதி வரவில்லை. அது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. மல்லிகா கேட்டதற்கு நான் உண்மையாக நடந்துகொள்ளவில்லை என்பது மட்டும் தெரியும்.

மூன்று செட் பார்த்தார். ஜெயிக்கப்போகிறவர் என்று முடிவு செய்துவிட்டதால் அவரிடம் பதட்டமே இல்லை. முதல் செட் போனதும், "போகட்டும்" என்றார். அடுத்த இரண்டையும் நெட்டையன் எடுத்தார். நாடி பார்க்க வந்த செவிலி, "தாத்தா இன்னைக்கு நல்லா இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனை வாங்கி வைத்தார்.

"மிச்சம் நாளைக்குங்க" என்றார் பொன்னுசாமி. "வெள்ளெனவே வந்துருங்க. தெரிஞ்ச மாதிரி மூஞ்சிய வெச்சுக்காதீங்க."

மறுநாள் வெள்ளென, ஐந்தரைக்கே, வந்தது மல்லிகாவின் அழைப்பு.

பண்ணையில் காரியமெல்லாம் முடிந்த மூன்றாம் நாள், பிற்பகலில் என் வீட்டில் அந்த அரையிறுதியில் அவர் பார்க்காத மிச்சத்தை ஓடவிட்டேன். முடிவு தெரிந்த ஆட்டத்தை மறுபடி பார்ப்பது நேர விரயம் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்தவன் நான். அட்டவணையில் வென்றவர் பெயரை என் கையாலேயே ஏற்றியுமாகிவிட்டது. ஆனாலும் நான்காவது செட்டில் நெட்டையன் பந்தைக் கோட்டின் மேல் இறக்கியபோது, நாற்காலியின் கையைத் தட்டி "போடு!" என்று கத்திவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தொந்தரவு பிடித்த நம்பிக்கைதான். என் வயதுக்கும் படிப்புக்கும் பொருந்தாதது. விட்டுத் தொலைக்கவும் முடியவில்லை.

சத்தம் கேட்டு என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "என்னங்க, உங்க ஆளு ஜெயிச்சுட்டானா?"

"இன்னும் தெரியலை" என்றேன்.