பன்னிரண்டாவது மில்லிமீட்டர்

வெள்ளைத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து மைக்ரோமீட்டரின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் வைக்கிறாள். மெல்லத் திருகி மூடுகிறாள். பிறகு தாளைத் தன் பக்கம் இழுக்கிறாள். தாளின் மேல் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு கோடு விழுகிறது. மறுபடியும் ஒரு துண்டு. இந்த முறை கோடு மெலிந்திருக்கிறது. மூன்றாவது துண்டு போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்தால்தான் அவளுக்கு அன்றைய பொழுது தொடங்கும். அதுவரை லேத்தின் சுவிட்சைத் தொடமாட்டாள்.

"என்ன, பல்லு வெளக்கி முடிச்சாச்சா அதுக்கு?" என்று பக்கத்து லேத்காரர் தினமும் கேட்பார்.

"வாய் நாறுனா பொய் பேசும்ணே" என்று அவளும் தினமும் சொல்வாள். இருவருமே சிரிப்பதில்லை. காலை வணக்கம் அவ்வளவுதான்.

பட்டறையில் அவளுக்கு நூலக்கா என்று பெயர். முதல் நாள் ஒரு இரும்புத் தண்டைக் கையில் கொடுத்து, கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றார்கள். "ஒரு நூல் எடுக்கவா?" என்று கேட்டுவிட்டாள். தையல்காரர்களும் தச்சர்களும் நூல் என்று சொல்லும் அளவுக்குள் இந்தப் பட்டறையின் பிழைகள் முன்னூறு உட்கார்ந்து எழுந்து போகலாம். இங்கே மில்லிமீட்டரை நூறு பங்காக்கி அதில் ஒரு பங்கை 'ஒரு கோடு' என்கிறார்கள். மைக்ரோமீட்டரின் உருளையில் கீறியிருக்கும் கோடு அது. ஒரு தலைமுடியின் தடிமன் ஏழெட்டுக் கோடு. அன்று லேத்துகளை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, தரையில் சுருள் சுருளாகக் கிடந்த இரும்புச் சீவலைப் பெருக்கினாள். பெருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் இடது கை மட்டும் தைத்தவள். வலது கையைத் தைத்தவள் வேறு வரிசையில் இருந்தாள். காலரைத் தைத்தவள் வேறு மாடியில். ஒரு முழுச் சட்டையை இவள் கடைகளில் தொங்கும்போது பார்த்ததோடு சரி. அந்தப் பதினோரு வருடமும் துணியின் மடிப்பு உரசி உரசி, வலது ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் வேறு தையல் வேலைக்குப் போனார்கள். இவள் ஆறு மாத லேத் பயிற்சியில், இருபது வயதுக்காரர்களுக்கு நடுவே, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, இனிமே ஏதாச்சும் ஒண்ணை முழுசாச் செய்யணும்ங்க" என்று கணவனிடம் சொன்ன காரணம் இந்த ஒன்றுதான்.

பட்டறையில் லேத் முதலாளியுடையது. வெட்டும் உளியும் முதலாளியுடையது. அளக்கிற சாமான் மட்டும் அவரவர் சொந்தம். அதை யாரும் யாருக்கும் இரவல் தருவதில்லை. சேர்ந்த புதிதில் அவள் பக்கத்து லேத்காரரிடம் மைக்ரோவைக் கேட்டாள். அவர் ஒரு பெரிய கொட்டாவியை விட்டு முடித்தபிறகு பதில் சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான். அதனால் கொட்டாவி என்றே அவரை அழைத்தார்கள்.

"நூலக்கா, உங்க வீட்டுக்காரர் பல்லு வெளக்குற பிரஷ்ஷை நான் கேட்டா தருவீங்களா?"

அவளுடைய தையல் மெஷின் அந்த வாரமே விலைக்குப் போனது. திரும்பிப் போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்று கணவன் கேட்டான். அவள் மெஷின் இருந்த மூலையைத் துடைத்துவிட்டாள்.

பழைய பட்டறைச் சாமான்கள் விற்கும் கடைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தாள். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. மலிவான புதிதில் அவளுக்கு நம்பிக்கையில்லை. கடைக்காரர் முதல் ஞாயிறு அவளைத் துணி துவைக்கும் கல்லைத் தேடி வந்தவளைப் போலப் பார்த்தார். இரண்டாவது ஞாயிறு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பயிற்சியில் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அவள் வரிசையாகச் செய்தாள். வெர்னியர் அளவுகோலின் இரண்டு அலகுகளையும் சேர்த்துப் பிடித்து, வெளிச்சம் கசிகிறதா என்று ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மைக்ரோமீட்டரின் திருகு எங்கேயாவது சிக்குகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். தாடையை மூடினால் கோடு பூஜ்ஜியத்தில் வந்து நிற்கிறதா என்று பத்து முறை மூடித் திறந்தாள். பத்து முறையும் நின்றது.

"முப்பது வருஷம் ஒரே கையில இருந்த சாமான்மா இது" என்றார் கடைக்காரர். "கீழ போட்டதில்ல, இரவல் குடுத்ததில்ல. அந்த மனுசன் ஒரே கம்பெனி, ஒரே மெஷினு. பன்னெண்டு எம்எம் தண்டு ஒண்ணைத்தான் ஓட்டுனாரு, ரிட்டையர் ஆகுற வரைக்கும். வேற எதையும் இது அளந்ததே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவள் மனசைத் தொட்டது. அந்த மைக்ரோவை வாங்கிவிட்டாள்.

பிறகு வீட்டில் அளக்காமல் தப்பியது எதுவுமில்லை. தலைமுடி, தீக்குச்சி, அரிசி, பழைய கல்யாணப் பத்திரிகை. கணவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். "நானும் இருபது வருஷமா சுவரு சுவராப் பூசுறேன், பெயிண்டு எவ்வளவு தடிமன்னு ஒருத்தன் கேட்டதில்ல" என்றான். அவள் சமையலறைச் சுவரில் உரிந்திருந்த ஒரு செதிலை எடுத்துத் தாடையில் வைத்தாள்.

"ஏழு கோடு இருக்குங்க."

"சரி, இருக்கட்டும்."

"மூணு பூச்சு அடிச்சேன்னு சொன்னீங்க. இது ரெண்டுதான்."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மறு ஞாயிறு மூன்றாவது பூச்சு விழுந்தது.

பட்டறையில் மூன்று மாதம் சோதனைக் காலம். நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று அது முடிகிற சனிக்கிழமை ஃபோர்மேன் சொல்வார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். எப்போதும் எதற்கோ நேரமாகிவிட்டதுபோல் நடப்பவர். அந்த வாரம் வந்த வேலை, ஆஸ்பத்திரிக் கட்டில்களின் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கும் கீல். கீலுக்குள் சுழலும் சிறு தண்டான பின்னை நூலக்கா கடைய வேண்டும். பின் நுழையும் வளையத்துக்குப் புஷ் என்று பெயர். அதில் கொட்டாவி துளை போட வேண்டும். துளை சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர். பின் அதைவிட இரண்டு கோடு சிறியது. அந்த இரண்டு கோட்டு இடைவெளியில்தான் எண்ணெய் நிற்கும். கட்டில் சிக்காமல் இறங்கும்.

வியாழக்கிழமை மதியம் ஃபோர்மேன் ஒரு பின்னை எடுத்து ஒரு புஷ்ஷில் நுழைத்தார். நுழையவில்லை. வேறொன்றை எடுத்தார். அது பாதிவரை போய் இறுகி நின்றது.

"கொட்டாவி விட்டுக்கிட்டே துளை போட்டா இப்படித்தான்ணே வரும்."

"கொட்டாவி வாயிலதான் சார் வருது. கையில வரல."

ஃபோர்மேன் அவசரமாக நூலக்காவின் மேசையிலிருந்த மைக்ரோவையே எடுத்தார். மூடினார். பூஜ்ஜியம். பின்னை வைத்தார். பதினொன்று புள்ளி தொண்ணூற்றெட்டு. டிராயிங்கில் இருந்தது அப்படியே இருந்தது.

"பாருங்க. அக்கா சேந்து மூணு மாசம்கூட முடியல. அச்சுல வார்த்த மாதிரி எடுத்திருக்காங்க. உங்களுக்குப் பதினாறு வருஷம். போன மாசமே ஒரு தடவை சொல்லியாச்சு, இது ரெண்டாவது. இன்னொண்ணுக்கு என்கிட்ட வராதீங்க. எல்லாத் துளையையும் ரெண்டு கோடு பெருசாக்கிக் குடுங்க."

இந்தப் பட்டறையில் அவளைப் பற்றி ஒருவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அவள் காது சூடாகிவிட்டது.

கொட்டாவி வாதாடவில்லை. "என் துளை பெருசாப் போயிருக்கு சார், பல தடவை. ஒத்துக்கறேன். சின்னதாப் போனதே இல்லியே" என்று யாரிடமும் அல்லாமல் சொல்லிக்கொண்டே முதல் புஷ்ஷை லேத்தில் பூட்டினார். ஒருமுறை வெட்டிவிட்டால் துளை துளைதான். எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

அவள் ஒரு பின்னைக் கையில் எடுத்து உருட்டினாள். சனிக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. அவள்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. ஃபோர்மேனே அளந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். கட்டை விரல் தன்னையறியாமல் ஆள்காட்டி விரலின் பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மற்ற விரல்களில் ஒன்றுமில்லை. அந்த விரலிலும் நுனியில் ஒன்றுமில்லை. மடிப்பு உரசிய அந்த ஓர் இடத்தில் மட்டும். பதினோரு வருடத்துக்கே இவ்வளவு. முப்பது வருடம் ஒரே அளவில் போய் நின்ற திருகு, நின்ற இடத்தில் எப்படி இருக்கும்?

கொட்டாவி சுவிட்சில் கை வைத்தார்.

"அண்ணே, நிறுத்துங்க."

"இன்னும் ஓட்டவே இல்லியே நூலக்கா."

"ஓட்டாதீங்க." ஃபோர்மேனின் கண்ணாடி அறைக்குப் போனாள். "சார், அந்தப் பன்னெண்டு கட்டையை ஒருதரம் எடுக்கலாமா?"

சரிபார்ப்புக் கட்டைகள் ஒரு மரப்பெட்டிக்குள் பஞ்சில் படுத்திருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை திறந்தால் அதிகம். "எதுக்குக்கா? ஜீரோதான் பாத்தாச்சே."

"ஜீரோல சரியாத்தான் சார் இருக்கு. பன்னெண்டுல பாக்கணும்."

சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்கும் அந்த எஃகுக் கட்டையை அவள் மைக்ரோவுக்குள் வைத்தார் ஃபோர்மேன். பதினொன்று புள்ளி தொண்ணூற்றெட்டு. தன்னுடைய மைக்ரோவை எடுத்து வைத்தார். பன்னிரண்டு. பிறகு நிதானமாக, அன்றைக்கு முதல் முறையாக நிதானமாக, ஐந்து மில்லிமீட்டர் கட்டையை அவளுடையதில் வைத்தார். சரியாக இருந்தது. இருபதிலும் சரியாக இருந்தது. பன்னிரண்டில் மட்டும் அது இரண்டு கோடு குறைத்துச் சொன்னது.

"யாருக்கா உங்க தலையில கட்டுனது இதை?"

"யாரும் கட்டல சார். நான்தான் ஜீரோவை மட்டும் பாத்து வாங்கிட்டேன். அண்ணன் துளை சரியாத்தான் இருக்கு. அறுபது பின்னும் என் தப்பு."

ஃபோர்மேன் பெட்டியை மூடினார். வாசலில் வந்து நின்ற கொட்டாவி உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"பரவால்ல, மிச்சம்தானே வெச்சிருக்கீங்க. குறைச்சு வெட்டல. தையக்காரி தையக்காரிதான்" என்றார். "காலையில வந்து பிரிச்சுத் தைங்க."

மறுநாள் காலை அவள் வந்தபோது அவளுடைய மேசையில், எண்ணெய்த் துணி விரித்து, அதன்மேல் கொட்டாவியின் மைக்ரோ இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதுகைத் திருப்பாமலே பேசினார்.

"குடுக்கும்போது நல்லா வெளக்கிக் குடுங்க."

அறுபது பின்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டி இரண்டு கோடு சீவினாள். சாயங்காலம் அறுபதும் துளைகளில் சத்தமில்லாமல் இறங்கின. முன்ஜாக்கிரதையாகக் கூடுதலாகக் கடைந்திருந்த அறுபத்தொன்றாவது பின்னை மட்டும் சீவவில்லை. ஃபோர்மேனின் மைக்ரோவில் அது சரியாகப் பன்னிரண்டு இருந்தது. அதை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சனிக்கிழமை அவர் சொன்னதும் சுருக்கமாகத்தான்: "இன்னும் ஒரு மாசம் பாப்போம்க்கா." நிரந்தரமும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

பழைய மைக்ரோ இப்போது வீட்டில் இருக்கிறது. பெயிண்டை அளக்க அது போதும். கணவனுக்குத்தான் அதில் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே கடை, அதே ஸ்டூல். அவள் புகார் எதுவும் சொல்லவில்லை. இன்னொரு மைக்ரோ வேண்டும் என்று மட்டும் கேட்டாள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்தின் பக்கம் நீட்டினார். "இதைப் பாருங்கம்மா, மூடுனா மூடுன இடத்துல நிக்கும். ஜீரோ பாக்குறீங்களா?"

அவள் கைப்பையைத் திறந்து, வெள்ளைத் தாளில் பொதிந்திருந்த அந்தப் பின்னை எடுத்தாள். தாளாலேயே அதைத் துடைத்தாள். அவர் தாடையை மூடுவதற்குள், பின்னை நடுவில் வைத்தாள்.