ஜீப்பில் அம்மாவின் இடம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதைப் பாதியில் விட்டவனுக்கு எழுத்து எதற்கு? போனை நோண்டினால் பொழுது போய்விடும். ஆனால் போன ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது.

கம்பத்திலிருந்து தினமும் ஜீப்புகள் ஏலக்காய் எடுக்கப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரள மலைக்குப் போகும். ஒரு வீட்டுக்கு ஒரு இடம். அம்மாவுக்குப் பின்பக்கம், கதவோரம். ஒருத்தி வர முடியாவிட்டால் அதே வீட்டு ஆள் வந்து உட்கார வேண்டும். காலியாக விட்டால் மறுநாள் அங்கே வேறு வீட்டுக்காரி இருப்பாள்; சீசன் முடியும்வரை நமக்கு வேலை இல்லை.

சனிக்கிழமை அம்மா ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து கால் வீங்கிப்போனது. தங்கச்சிக்குத் தேனியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்த நேரம். எங்கள் வீட்டில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். வியாழக்கிழமை சான்றிதழோடு அவளே நேரில் போக வேண்டும். தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஹாஸ்டலுக்குக் கட்டுவதும் அந்த ஜீப் வேலையில் வருவதுதான்.

"நான் போறேன்மா. பொம்பளைக கூட உக்காந்து ஊர்க்கத பேசிட்டு வாறேன்" என்றேன்.

"ஏலே, காய் எது பிஞ்சு எதுன்னு தெரியுமாடா ஒனக்கு?"

"தெரியாட்டி மலையாளத்துல கேட்டுக்கிறேன்."

திங்கட்கிழமை போனேன். பெரிதாகத் தெரிந்ததையெல்லாம் பறித்துப் போட்டேன். தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி என் சாக்கைக் கொட்டிப் பார்த்தார். திட்டியிருந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் திட்டவில்லை. ஒன்றை நகத்தால் பிளந்து, உள்ளே இன்னும் கறுக்காமல் வெள்ளையாகக் கிடந்த பிஞ்சு விதையைக் காட்டினார்.

"தம்பி, நாளைக்கு வேல தெரிஞ்ச ஆள அனுப்புங்க. இல்லேன்னா இங்கன வேற வீட்ல ஆள் ரெடியா நிக்கிறாக."

செவ்வாய்க்கிழமை தங்கச்சி ஏறினாள். பள்ளி லீவில் அம்மாவோடு போய்ப் பழகிய கை.

"ரெண்டு நாள்தானண்ணே. அதுக்குள்ள அம்மாவுக்குக் காலு சரியாயிரும்."

"ஆகாட்டி ஒன் சுடிதாரப் போட்டுக்கிட்டு நானே தேனிக்குப் போயிர்றேன்."

"மீசைய எடுத்துட்டுப் போ" என்றாள்.

புதன்கிழமை அவள் எடுத்தது அம்மா எடுப்பதைவிட அதிகம். கங்காணி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாராம். "ஒந்தங்கச்சிய அப்பிடிப் புகழ்ந்தாக!" என்று ஜீப்பில் வந்த அக்கா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போன முதல் வாரம் நானும் இப்படித்தான் பேர் வாங்கினேன். அந்த வாரம் எனக்கு அரைப்பரீட்சை.

சாயங்காலம் அம்மா சுவரைப் பிடித்து எழுந்து பார்த்தாள். ஒரு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டாள். தங்கச்சி சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தாள். பிறகு மலைக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குவாளியைக் கழுவிப் பக்கத்திலேயே கவிழ்த்தாள். காலையில் எதை எடுக்கட்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஜீப் ஓட்டுகிறவன் என் கூட்டாளி, ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. வெளியே வந்து அவனுக்கு மெசேஜ் போட்டேன்: "மாப்ள, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வண்டிய எடுக்காத, எங்க எடத்த யாருக்கும் குடுக்காத. கங்காணி கேட்டா வண்டி ரிப்பேருன்னு சொல்லு. வேணும்னா நானே வந்து டயர்ல ஆணியடிக்கிறேன்."

படித்துவிட்டான். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.

"எடம் போயிரும் மாப்ள. நாளைக்கு அஞ்சு மணிக்கே மலைக்கு வண்டிய எடுக்குறேன், தங்கச்சிய ரோட்டுல வந்து நிக்கச் சொல்லு."