அத்தை தோப்புக்குப் போன வண்டி

என் அப்பாவுக்கு வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நான் நம்பியது ஒரே ஒரு நாள்தான். ஐந்தாவது முடித்த கோடை விடுமுறையில், குமுளிக்கு மேலே ஒரு மலைச்சரிவில், மேடு பள்ளம் ஏறுகிற நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிகள் பழையதாக நின்ற தகரக் கொட்டகையில் அது நடந்தது. வண்டி வாங்க வந்தவள் என் அத்தை. குறை சொல்ல வந்தவர் அப்பா. நான் சும்மா வேடிக்கை பார்க்க ஒட்டிக்கொண்டு வந்தவள்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. சின்ன வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிப்போய், இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு நடப்பாள். கடமலைக்குண்டில் எங்கள் தெருவிலேயே தனி வீட்டில் இருந்துகொண்டு இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்து விற்றாள். யாரிடமும் எதையும் சும்மா வாங்க மாட்டாள். அம்மா பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தால் மறுநாள் எங்கள் வாசலுக்கு ஒரு புதுத் தலையணை வந்துவிடும். எங்கள் வீட்டில் ஆட்களைவிடத் தலையணைகள் அதிகமாக இருந்தது இதனால்தான்.

அவளுடைய பெருமையெல்லாம் பஞ்சில் இருந்தது. தாத்தா பாகம் பிரித்தபோது ஊரை ஒட்டிய இலவந்தோப்பு அப்பாவுக்கும் மலைச்சரிவில் இருந்த இன்னொன்று அவள் பேருக்கும் வந்தன. ஒவ்வொரு வருடமும் காய் உடைத்து முடித்ததும் அப்பா மூட்டைகளைக் கொண்டுவந்து அவள் வீட்டில் இறக்குவார். மெத்தை கேட்டு வருகிறவர்களிடம் “என் மரத்துப் பஞ்சு” என்று சொல்லாமல் அத்தை பேச்சையே ஆரம்பித்ததில்லை. ஆனால் அந்த மரங்களை அவள் பார்த்தது, குழந்தையாக இருந்தபோது தாத்தாவின் தோளில் உட்கார்ந்து போன ஒரே தடவைதான். ஜீப் ஓடை வரைக்கும்தான் போகும். அதற்கு மேலே ஆடு மாடு ஏறுகிற தடம். பக்கச் சக்கரம் வைத்த அவளுடைய ஸ்கூட்டர் ஓடையையே தாண்டாது. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொன்ன சொந்தக்காரர்களிடம், நான் என்ன சப்பரத்துச் சாமியா என்று கேட்டுவிட்டாள்.

கைப்பேசியில் யாரோ ஒரு பெண் நாலு சக்கர வண்டியில் பாறை மேல் ஏறுகிற வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து அத்தைக்கு வேறு நினைப்பில்லை. தைத்துக்கொண்டே பார்த்தாள், சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். குமுளிப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட வண்டிகளை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பாவிடம் வந்து நின்றாள். அது விளையாட்டுச் சாமான், நமக்குச் சரிப்படாது என்றார் அப்பா. ரோட்டில் ஓட்டவே அனுமதி கிடையாதாம் என்றும் சொன்னார்.

“ரோட்டுல யாருண்ணே ஓட்டப் போறா? என் மரத்த நான் ஒருக்காப் பாக்கணும்” என்றாள் அத்தை.

அப்படியானால் நானும் கூட வருகிறேன் என்றார் அப்பா.

கொட்டகைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். முதலில் அவர் காட்டியது முன்னும் பின்னும் கேரியர் வைத்த பெரிய வண்டி. பின்னால் எனக்கும் இடம் இருந்ததால் இதையே வாங்கலாம் என்று நான் குதித்தேன். அத்தை கையை விரித்து அகலத்தை அளந்துவிட்டு, இது நம் தடத்துக்குள் நுழையாது, கனமும் அதிகம் என்றாள். அடுத்தது பளபளவென்று சிவப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி. அவர் ஸ்டார்ட் செய்யப் போனார். வேண்டாம் என்று தடுத்து, எஞ்சினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“சுட வச்சிருக்காக. குளுந்து கெடக்கையில எப்படிப் பிடிக்குதுன்னு நம்ம பாத்துரக் கூடாதுல்ல” என்று என் காதில் சொன்னாள்.

பிறகு சிரமப்பட்டுக் குனிந்து, முன்சக்கரம் சேர்கிற இடத்தில் சட்டத்தை விரலால் தடவினாள். புதுப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் வைத்த தழும்பு இருந்தது.

மூன்றாவது வண்டி நீலமாக இருந்து வெளுத்துப்போனது. சீட் கிழிந்து, உடம்பெல்லாம் கீறல். முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லிச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினாள், ஆட்டம் இல்லை. எஞ்சின் குளிர்ந்து கிடந்தது, இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது, புகை கக்கவில்லை. டயர் வழுக்கை, செயின் தொங்கியது. அதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம், சட்டம் நேராக இருக்கிறது என்றாள்.

இதற்குள் அப்பா மூன்று வண்டிக்கும் சேர்த்து ஒரு கூடைக் குறைகளைச் சொல்லியிருந்தார். பெரிய வண்டி பெட்ரோல் குடிக்கும், சிவப்பு வண்டியின் சத்தம் சரியில்லை, நீல வண்டியில் லைட் இல்லை, சீட் இல்லை, ஹார்ன் இல்லை. கடைசியில் கலரே நன்றாக இல்லை என்றார். வாழ்க்கையில் ஒரு மொபட்டைத் தவிர எதையும் ஓட்டாத மனிதருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று நான் அசந்துபோனேன்.

“ஆரா ஓடிக்குன்னே?” யார் ஓட்டப் போவது என்று கேட்டார் கொட்டகைக்காரர்.

“நாந்தான்” என்றாள் அத்தை.

அவர் அவளுடைய காலைப் பார்த்தார். தன் கையாலேயே முதல் கியரைப் போட்டுக் கொடுத்தார். அத்தை கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் எங்கே போனாலும் கூடவே வரும் அந்த இரும்புச் சத்தம் அப்போது இல்லை. நான் சந்தோஷத்தில் கைதட்டினேன். அப்பா மட்டும் முகம் வாடி நின்றார். தன் பேச்சை யாரும் கேட்கவில்லை என்ற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீல வண்டி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு பிக்கப்பில் மலையிறங்கியது. தேனியில், ஸ்கூட்டருக்குப் பக்கச் சக்கரம் வைத்துக் கொடுக்கும் பட்டறையில்தான் வேலை நடந்தது. இடது காலால் போடுகிற கியரைக் கையால் போடும்படி ஒரு கம்பி இழுத்து நெம்புகோல் வைத்தார்கள். இடது பாதம் நழுவாமல் இருக்கக் கூண்டு போன்ற ஒரு மிதியும் வார்ப்பட்டையும் வந்தன. அப்பா வாரம் தவறாமல் பட்டறைக்குப் போய், அவசரமே இல்லை, ஆற அமரச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர்கள் பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில நாள் முன்பு, ரோட்டைத் தொடாத ஜீப் தடத்தில் கிளம்பினோம். அத்தை வண்டியில், அப்பாவும் நானும் மொபட்டில். ஓடை வந்ததும் அப்பா நின்றுவிட்டார். மொபட்டை யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். அந்த மொபட்டை இனாமாகக் கொடுத்தால்கூட வாங்க ஆளில்லை. அத்தை ஓடையில் இறங்கி, கல்லில் தட்டாமல் ஏறி, முதல் கியரிலேயே மேலே போனாள். நான் பின்னால் ஓடினேன்.

மேலே தாத்தா பேரின் முதலெழுத்து வெட்டிய எல்லைக்கல் இருந்தது. அதைத் தாண்டினால் தோப்பைக் காணோம். முள்ளுக்கும் புல்லுக்கும் நடுவே, கருகிப்போன அடிமரங்கள்தான் நின்றன. ஒரே ஓர் இலவமரம்கூட இல்லை. வழி தப்பி வந்துவிட்டோம், இது நம் தோப்பு இல்லை என்றேன் அத்தையிடம்.

அவள் எஞ்சினை அணைத்தாள். பக்கத்திலிருந்த அடிமரம் ஒன்றை எட்டித் தடவினாள். கையில் கரி ஒட்டியது. அதை முந்தானையில் துடைத்தாள். பிறகு, ஆமாம், வழி தப்பித்தான் வந்திருக்கிறோம், இறங்கலாம் என்றாள்.

ஓடையில், நாங்கள் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே அப்பா நின்றிருந்தார். மொபட்டின் சீட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தைதான் பேசினாள்.

“மரமெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. நீ நல்லாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்க.”

நாங்கள்தான் தோப்புக்கே போகவில்லையே என்று நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை என் தோளை அழுத்தியது. அப்பா திரும்பி நின்று மொபட்டை உதைத்தார். அது வழக்கம்போல உடனே கிளம்பவில்லை.

அத்தை தொழில் தொடங்கிய கோடையிலேயே மலையில் பிடித்த தீ அவளுடைய தோப்பை முழுக்கத் தின்றுவிட்டதும், அதன் பிறகு வந்த மூட்டையெல்லாம் எங்கள் தோப்புப் பஞ்சு என்பதும், நான் வேலைக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் மலையேறிப் பார்த்த அந்த மாதமே அத்தை அங்கே புதிதாக இலவங்கன்றுகள் ஊன்ற ஆரம்பித்துவிட்டாள் என்பதையும் அம்மாதான் சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த நீல வண்டியின் பின்னால் இரும்புக் கேரியர் ஒன்றை வைத்து, அதைப் பால்காரர் வண்டி மாதிரி ஆக்கிவிட்டாள் என்பதுதான். அதற்காக அவளோடு பேசாமல்கூட இருந்தேன். அடுத்த வருடமும் மூட்டைகள் வந்தன. யாரிடமும் சும்மா வாங்காத அத்தை ஒரு வார்த்தை சொல்லாமல் அவற்றை இறக்கி வைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் அவள் தண்ணீர்க் கேன்களோடு மலையேறினாள். கேன்களைத் தூக்கி வைத்துக் கயிறு கட்டிவிட அப்பா தவறாமல் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“மரமெல்லாம் நல்லா இருக்குன்னீகளே அத்தை, அப்புறம் எதுக்குத் தெனமும் தண்ணி?”

அப்பாவின் கை கயிற்றிலேயே நின்றது. அத்தை அவரைப் பார்த்தாள். அவர் அத்தையைப் பார்க்காமல் இன்னொரு கேனையும் தூக்கி வைத்து இறுக்கிக் கட்டினார். பிறகு, உனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகவில்லையா என்று இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஏது பள்ளிக்கூடம், இது இரண்டு பேருக்கும் ஒன்றாக எப்படி மறந்தது என்று எனக்கு விளங்கவேயில்லை.