பாதிப் பாரம்

பின்சில்லு ரயரின் உள்விளிம்பு தேய்வதை வெளியே நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து உள்ளே கையை விட வேண்டும். அந்த மாதம் நான் காரை நிறுத்திய இடமெல்லாம் கையை விட்டுக்கொண்டிருந்தேன். வெளிப்பக்கம் புதிது போல இருக்கும். உட்பக்கம் ஒரு திசையில் தடவினால் விரல் வழுக்கும், திருப்பித் தடவினால் அரம் போல அராவும். அது மூன்றாவது சோடி. கம்பி வெளியே தெரிந்தால் நாலாவதை வாங்க என்னிடம் வழியில்லை. காரை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது என்றிருந்தேன்.

போவது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனவன். வவுனியாவில் அரிசி ஆலை, புத்தளத்தில் உப்பளம், கட்டாரில் இரண்டு வருடம் கம்பி கட்டும் வேலை. உப்பளத்தில் கால் வெடித்தது. கட்டாரில் முதுகு போனது. குருநகருக்குத் திரும்பி, ஒரு பழைய ஸ்டேசன் வாகனை வாங்கி, பின் இருக்கையைக் கழற்றிவிட்டு, கருவாடு ஏற்றி ஊர் ஊராக விற்கத் தொடங்கினேன். நாள் முழுக்க ஓடுகிற தொழில் என்பதால் மூன்று வருடம் நின்றுவிட்டேன். மன்னாரில் ஒரு கூட்டாளி, ஆழ்கடல் படகில் ஓர் ஆள் குறைகிறது, ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல் என்று போன் எடுத்திருந்தான்.

சில்லுகளை நேராக்கும் மெசின் வைத்திருந்தவரின் கராஜ் இணுவிலில், கோயிலுக்குக் கிட்ட. அவர் சுத்த சைவம். காலையில் நீறு பூசி, மெசினுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். அவரிடம் போவதென்றால் முதல் நாளே சாக்குகளை வீட்டில் இறக்கிவிடுவேன். காரைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவி, மணம் போகத் தேசிக்காய் வெட்டிப் புளிச்சாறு வழியத் தேய்ப்பேன். கருவாட்டுச் சாக்கோடு அப்படியொரு முற்றத்தில் ஏற எங்கள் குருநகர் வேதக்கார ஆட்களுக்கு மனம் வராது. என்ன தொழில் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு தரம் பார்த்துத் தந்தார். இரண்டு தரமும் மெசின் சரி என்றது. இரண்டு தரமும் ரயர் போனது.

மூன்றாம் தரம் போனபோது வியாழக்கிழமை. ரயரைத் தடவிப் பார்த்தவரின் முகம் மாறியது.

“தம்பி, வேறை ஆரிட்டையும் குடுத்துக் கழட்டினனீரோ?”

“இல்லை அண்ணை. உங்களைத் தவிர ஒருத்தரும் கை வைக்கேல்லை.”

“அப்ப ரயரை என்ன, எலி அரிச்சதோ?”

காரை உயர்த்தி அடியில் போனார். பின்சில்லைத் திருத்துகிற போல்ட் அசையவில்லை. வெளியே வந்தபோது விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“உது உப்பெல்லோ. காரைக் கடலுக்கை விட்டுக் குளிப்பாட்டினனீரோ?”

இனி மறைத்துப் பயனில்லை. “கருவாடு ஏத்திறனான் அண்ணை. சாக்கிலை இருந்து தண்ணி வடியிறது.”

“கருவாடு எண்டு எனக்குத் தெரியாதோ காணும்? இப்பிடித் தேசிக்காய் மணக்க ஒரு கார் வந்தா, வேறை என்னத்தை மறைக்க வருது? எவ்வளவு ஏத்துவீர், அதைச் சொல்லும்.”

“பத்துச் சாக்கு. சில நாள் பன்ரண்டு.”

அவர் பக்கத்தில் கிடந்த பழைய ரயரில் குந்திவிட்டார்.

“நான் ரெண்டு தரமும் வெறுங் காருக்கெல்லோ அளவு வைச்சுத் தந்திருக்கிறன். பாரம் ஏற, பின்பக்கம் பதியும். சில்லு ரெண்டும் மேலை உள்ளுக்குச் சாயும், முன்பக்கம் விரியும். பிறகு றோட்டிலை உள்விளிம்பைத்தான் இழுத்துக்கொண்டு போகும். நான் கேட்டிருக்க வேணும். கேக்க ஒரு மாதிரிக் கிடந்தது.”

“எனக்குஞ் சொல்ல ஒரு மாதிரித்தான் அண்ணை. போய் ஏத்திக்கொண்டு வரட்டோ?”

“கொடியேறி நிக்குது. இந்த நேரம் உந்த வாசலுக்கை கருவாடு வரேலாது. திருவிழா முடிய வாரும்.”

கொடியேறினால் திருவிழா முடியும்வரை அந்தப் பக்கத்து வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. எனக்கும் அங்கே வியாபாரம் இல்லை. அதனால் அந்த நாட்களில் கரவெட்டி வரை தூர ஓட்டம் ஓடுவேன். அவ்வளவு நாளைக்கு ரயர் தாங்காது. குந்தினேன், எழும்பினேன், வாசல் படலை வரை நடந்து திரும்பினேன்.

“ஒரு இடத்திலை நில்லும் காணும். உமக்குக் கால் கொதிக்குதோ?” என்றவர், றோட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் மருதனார்மடம் சந்தைக்குப் போக வெங்காயச் சாக்குகள் அடுக்கிக் கிடந்தன. “ரயருக்கு மணம் குணம் தெரியாது. பாரம் எண்டாச் சரி.” வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டார்.

வந்த வீட்டுக்காரி காரைக் கண்டதும் சிரித்தாள். மற்ற நாட்களில் என்னிடம் கருவாடு வாங்குகிறவள்.

“உது எங்கடை கருவாட்டுத் தம்பியின்ரை காரெல்லோ! என்ரை வெங்காயம் மணந்தாச் சந்தையிலை ஒருத்தரும் வாங்காயினம்.”

“தேசிக்காய் போட்டுக் கழுவினது அக்கா.”

“அப்ப ஊறுகாய் எண்டுதான் விக்க வேணும்.”

ஆனாலும் தந்தாள். பத்துச் சாக்கு சுமந்து ஏற்றினேன். அவர் ஐந்தை இறக்கச் சொன்னார்.

“காலமை நிறையக் கொண்டு போறீர். பின்னேரம் வெறுமையா வாறீர். நிறையப் பாரத்துக்கு வைச்சா வரேக்கை ரயரைத் தின்னும். பாதிக்கு வைப்பம். இப்ப ஏறி ஓட்டிற சீற்றிலை இரும். உம்மடை பாரமும் வேணும். அசையப்படாது.”

போல்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். பிறகு மெசினைப் பூட்டி, அடியில் இருந்துகொண்டு இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் திருப்பினார். ஒன்றரை மணித்தியாலம் ஸ்டியரிங்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கட்டாரில் வெயிலில் நின்றது இதைவிடச் சுலபம். காலை மாற்றி வைத்தால்கூட அடியிலிருந்து குரல் வரும்: “ஆடுறீர் காணும்!” கடைசியில் போல்ட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்தார்.

“அண்ணை, சரி வந்திட்டுதெண்டு எப்ப தெரியும்?”

“ஒரு மாசம் ஓடும். இடையிலை தடவித் தடவிப் பாக்காதையும்.”

எனக்கு இருந்தது ஞாயிறு வரைக்கும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கரவெட்டிக்குப் போய் வந்தேன். போகிற வழியில் நாலு இடத்தில் இறங்கித் தடவினேன். ரயர் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரக் கூட்டாளி போன் எடுத்தான்.

“என்னடா, வாறியோ?”

“ஒரு மாசம் பொறன். ரயர் பாக்க வேணும்.”

“ரயர் பாக்க ஒரு மாசமோ? கலியாணப் பொம்பிளையோடா அது?”

படகு எனக்காக நிற்காது என்று தெரிந்துகொண்டுதான் போனை வைத்தேன்.

மாதம் முடிந்த அன்று வீட்டு வாசலில் குனிந்து கையை விட்டேன். முன்னுக்கும் பின்னுக்கும் தடவினேன். விரல் எங்கும் அராவவில்லை, இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தது. மற்றச் சில்லும் அப்படித்தான். மன்னார்ப் படகில் வேறொருவன் ஏறிவிட்டான் என்று அதற்குள் கேள்விப்பட்டிருந்தேன். சந்தோசப்பட வேண்டிய நேரம். போக இனி ஒரு சாட்டும் இல்லை என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. கையைத் துடைத்துவிட்டுப் பத்துச் சாக்கையும் ஏற்றத் தொடங்கினேன். இணுவிலில் திருவிழா முடிந்திருந்தது.