இரண்டு மைலுக்கு ஒரு டீசல் வண்டி

வெர்லீன் குச்சேராவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். கழுவிக் கவிழ்த்ததையே எடுத்து மறுபடி கழுவுவாள். அந்த ஏப்ரலில் அவள் வீட்டுத் தட்டுகள் தேய்ந்து போயிருக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நெப்ராஸ்கா மணற்குன்றுகளுக்கு நடுவே காலையில் எழுபது மைல், சாயங்காலம் எழுபது மைல். டீசல் இன்ஜினுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அவளுக்கு ஊரில் யாரும் பாடம் எடுத்ததில்லை, கட்டின புருஷன் ராய்ஸைத் தவிர.

ராய்ஸ் இடுப்பு வலி வந்து மாடுகளை விற்றுவிட்டு, தானியக் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுகிற வேலையில் உட்கார்ந்திருந்தான். வீட்டிலிருந்து இரண்டு மைல். நடந்து போகிற தூரம் என்று கூடச் சொல்லலாம். அதற்கு அவன் எடுத்துக்கொண்டு போனது, இருபது மாட்டை டிரெய்லரோடு இழுக்கிற டீசல் பிக்கப். இன்ஜின் சூடாவதற்குள் இடம் வந்துவிடும். வேலைக்கு முன்னால் காபிக் கடை. அங்கே எட்டு வண்டி வரிசையாக உறுமிக்கொண்டு நிற்க, எட்டு ஆண்பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் வானிலை பேசுவார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு உள்ளே வருகிறவன் அந்த ஊரில் கஞ்சன். ஜனவரிக் குளிரில் அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று ஆரம்பித்த பழக்கம், வெயில் காலத்திலும் விடவில்லை. புத்தி இருந்தால்தானே விட.

அந்த வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க, அரசாங்கம் கட்டாயமாக்கிய ஒரு வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினால் அந்தச் சூட்டில் கரி தானாக எரிந்து போகும். நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும்; அடைத்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டி இழுவை போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

"ஏன்யா ராய்ஸ், ஞாயித்துக்கிழமை ஒரு தடவை ஹைவேல போய்ட்டு வாயேன். இல்லன்னா என் சின்னக் காரை எடுத்துட்டுப் போ" என்று வெர்லீன் வாராவாரம் சொன்னாள்.

"உன் சோப்பு டப்பாலயா? அதுல காபிக் கடைல போய் இறங்கினா அந்த மெர்ல் என்னை உசிரோட விடுவானா?"

"மெர்லா உனக்கு வண்டி ரிப்பேர் பண்ணித் தரப் போறான்?"

"பஸ் ஓட்டுறவங்க பஸ்ஸைப் பாருங்க. பிக்கப்பை நான் பாத்துக்கறேன்."

அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

வெர்லீனுக்கு மேபல் என்று ஒரு பெண்குதிரை இருந்தது. தாய் செத்த குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள்; பதினோரு வருஷம். பஸ் சத்தம் கேட்டாலே வேலியோரம் வந்து நிற்கும். ஒரு சனிக்கிழமை காலை அது தரையில் புரண்டு புரண்டு தன் வயிற்றையே கடித்துக்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர் டெஸா அமுண்ட்ஸன் போனிலேயே சொல்லிவிட்டாள். "குடல் முறுக்கிக்கிச்சு போல. ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்கு மூணு மணி நேரத்துக்குள்ள கொண்டு போங்க. பொழைச்சுக்கும். அதுக்கு மேல ஆச்சுன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது, வெர்லீன்."

ஆஸ்பத்திரி தொண்ணூறு மைல். பத்து நிமிஷத்தில் டிரெய்லரை மாட்டிக் கிளம்பிவிட்டார்கள். நாற்பதாவது மைலில், ஆற்றைத் தாண்டி வருகிற நீள ஏற்றத்தில், வண்டி சோர்ந்தது. ராய்ஸ் மிதித்தான். வேகம் இன்னும் இறங்கியது. ஒரு ஆள் பக்கத்தில் நடந்து வந்தால் முந்திப் போய்விடுவான். பாதி ஏற்றத்தில் நின்றே போயிற்று. பின்னால் குதிரை டிரெய்லர் சுவரை உதைக்கிற சத்தம் கேட்டது.

வெர்லீன் மீட்டர் பலகையைப் பார்த்தாள். வேகமுள்ளுக்குப் பக்கத்தில் நகமளவு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. உரித்தாள். அடியில் வடிகட்டி அடைத்துவிட்டது என்று சொல்கிற ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது எத்தனை நாளா எரியுது?"

"மூணு வாரம் இருக்கும். கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

கண்ணை உறுத்தியதாம். அவனை அங்கேயே இறக்கிப் பள்ளத்தில் உருட்டிவிட அவளுக்குக் கை துடித்தது. ஆனால் குதிரை உதைத்துக்கொண்டிருந்தது. அதனால் இறங்கிப் பின்னால் ஓடினாள்.

ஊருக்குப் போன் போட்டு, இன்னொரு பிக்கப் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் மேபல் டிரெய்லருக்குள்ளேயே படுத்துவிட்டது. எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. டெஸா காரில் விரட்டி வந்து, ஈறைப் பார்த்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, இனி முடியாது என்று உதட்டைப் பிதுக்கினாள். ரோட்டோரத்திலேயே, வலியில்லாமல் சாகட்டும் என்று ஊசி போட்டாள். தலையைப் பிடித்துக்கொண்டிருந்த ராய்ஸ் டாக்டரிடம் சொன்னான்: "எல்லாம் இந்த கவர்ன்மெண்ட் வெச்ச ஃபில்டரால வந்தது. அதை அறுத்துத் தூக்கிப் போட்டிருக்கணும்."

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊர் முழுக்க அந்தக் கதைதான் பரவியது. கடையில் சாமான் வாங்கப் போனால், "கவர்ன்மெண்ட் உன் குதிரையக் கொன்னுடுச்சே" என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரித்தார்கள். வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தட்டு கழுவினாள்.

மூன்றாவது வாரம் பிக்கப் புது வடிகட்டியோடு வொர்க் ஷாப்பிலிருந்து வந்தது. மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸோடு திரும்பிய வெர்லீன், காபிக் கடை வாசலில் அது ஆளில்லாமல் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

"குதிரையக் கொன்னது கவர்ன்மெண்ட் இல்ல. எச்சரிக்கை விளக்கு மூணு வாரமா எரிஞ்சுது. அது மேல இந்த மனுஷன் டேப் ஒட்டி வெச்சிருந்தான். வாரத்துல அரை மணி நேரம் ரோட்ல ஓட்டச் சொன்னேன், ஓட்டல. ஏன்னா நீங்க சிரிப்பீங்களாம். இப்பவும் இன்ஜின் வெளிய சும்மா ஓடிட்டிருக்கு பாருங்க."

மெர்ல் கனைத்தான். "ஏம்மா வெர்லீன், ஒரு குதிரைக்குப் போயி இப்படியா..."

"வாய மூடு மெர்ல்" என்றான் ராய்ஸ். முகம் காதுவரை சிவந்திருந்தது. "அவ சொல்றது நிஜம். நான்தான் ஒட்டினேன். அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

அதைக் கேட்டு அவள் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, இன்னும் எரிந்தது. இந்த ஏழு தடியன்கள் முன்னால் சொல்ல முடிந்தவன், அந்த ஏற்றத்தில், குதிரையின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது என்று அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

"இதை அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெர்லீன் வெளியே வந்து பஸ்ஸில் ஏறினாள்.